மூன்று விநாடிப் பாயிரம்

பகலில் பாயிரங்களைப் படிக்கிறேன். மாலையில் மூன்று விநாடிப் பாயிரங்களை எழுதுகிறேன். முன்னது என் முனைவர் பட்ட ஆய்வு. பின்னது, ஆய்வு உதவித்தொகைக் காலம் முடிந்த பிறகு என் செலவுகளைத் தாங்கிவரும் தொழில். நான் இணையவழி உடற்பயிற்சிப் பயிற்றுநர். ஊரார் சொல்லில் ‘ஆன்லைன் கோச்’. சென்னையிலும் மதுரையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர்களுக்குத் தெற்கு அந்தமானின் பெரார்கஞ்சிலிருந்து ஸ்குவாட்டும் புஷ்-அப்பும் சொல்லித்தருகிறேன். இவ்விரண்டு வேலைகளுக்கும் என்ன தொடர்பு என்று துறை நண்பர்கள் கேட்பதுண்டு. கேலியாகக் கேட்கப்படும் அக்கேள்விக்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டுமென்று தோன்றியதால் இப்பதிவு.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் சில சொற்கள். 1923 முதல் 1931 வரை அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் பெரார் என்பவரின் பெயரால் அமைந்த ஊர் இது. பாக்குத் தோப்புகளும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் வங்காளியும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் தமிழும் ஒரே கடைவாசலில் கேட்கும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் செயற்கைக்கோள் வழியாக வந்த இணையத்தில் ஒரு காணொளியின் முதல் மூன்று விநாடி என்பது திரையில் சுழலும் வட்டம் மட்டுமே. வட்டம் நின்று படம் ஓடத் தொடங்கும்வரை பொறுமையோடு காத்திருந்த மக்கள்தாம் நாங்கள். கம்பிவடம் வந்த சில ஆண்டுகளிலேயே அப்பொறுமை போய்விட்டது. எங்கள் கட்டைவிரலும் இப்போது சென்னைக் கட்டைவிரலின் வேகத்தில்தான் திரையைத் தள்ளுகிறது.

காலமும் அதற்கு ஒத்துழைத்தது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கு அறிமுகமாயின. ஊரடங்கில் ஜிம்கள் பூட்டிக் கிடந்தன. கம்பிவடம், குறுங்காணொளி, பூட்டிய ஜிம் ஆகிய மூன்றும் ஒரே கோடையையொட்டி வந்து சேர்ந்திராவிட்டால் என் தொழில் பிறந்திராது.

இத்தொழிலில் பயிற்சி சொல்லித்தருவது பாதி வேலைதான். மறுபாதி, காணொளியின் தொடக்க வாக்கியத்தை எழுதுவது. இதற்கு ‘ஹூக்’ என்று பெயர். யூடியூப் ஷார்ட்ஸின் கணக்குப் பக்கம் இரண்டு விழுக்காடுகளைக் காட்டும்: காணொளி கண்ணில் பட்டோரில் எத்தனை பேர் நின்று பார்த்தனர், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போயினர். தள்ளிவிட்டவர் தொகை கூடினால் அக்காணொளி மேலும் பலர் கண்ணில் படுவது குறையும். எனவே முழங்கால் வலிக்கான பயிற்சியை எத்துணைச் செம்மையாக விளக்கினாலும், முதல் வாக்கியம் தோற்றால் விளக்கமும் சேர்ந்து தோற்கும்.

ஹூக் எழுதக் கற்றுத்தரும் வகுப்புகள் உள்ளன, வாய்பாடுகளும் உள்ளன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. அச்சம்: “காலையில் எழுந்ததும் இதைச் செய்கிறீர்களா? உடனே நிறுத்துங்கள்.” மறைபொருள்: “ஜிம் வைத்திருப்பவர்கள் உங்களிடம் சொல்லாத ஒன்று.” எண்: “21 நாளில் தொப்பை காணாமல் போகும்.” மறுப்பு: “நடைப்பயிற்சியால் எடை குறையாது.” விளி: “நாற்பது வயதைக் கடந்தவரா நீங்கள்?” இவற்றின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் எழுதிய கட்டுரை உதவும். ஆர்வம் என்பது நமக்குத் தெரிந்ததற்கும் நாம் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையிலுள்ள பள்ளத்தை உணரும்போது எழுவது என்கிறார் அவர். ஹூக் எழுதுவோன் அப்பள்ளத்தைத் தோண்டுகிறான். மூடும் பொருள் இறுதி விநாடியில் வரும், அல்லது வராமலும் போகும்.

இதைப் புதுமை என்று கருதுவோர் நம் சந்தைகளை மறந்தவர்கள். பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிக் கூட்டத்தை நிறுத்தி, அச்சண்டையைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, இடையில் தாயத்தும் லேகியமும் விற்ற வித்தைக்காரரை முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். கீரி முளையில் கட்டப்பட்டபடியே இருக்கும். பாம்பு கூடையிலேயே இருக்கும். மக்களை நிறுத்தி வைத்தது அந்த மூடிய கூடை.

உடற்பயிற்சித் துறைக்கும் அதே பழைமை உண்டு. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து மேடைகளில் உடலைக் காட்டினார். நூல்கள், கருவிகள், அஞ்சல்வழிப் பயிற்சி ஆகியவற்றின் மூலம் தம் முறையை விற்றார். அவர் பெயர் தமிழில் ஓர் அடைமொழியாகவே நிலைத்தது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் ‘சாண்டோ’ ஆனார். கையில்லாப் பனியனும் ‘சாண்டோ பனியன்’ ஆயிற்று. பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்திய கே. வி. ஐயர் இன்னும் நெருக்கமான முன்னோடி. அஞ்சல்வழியே பயிற்சிப் பாடங்களை அனுப்பியவர் அவர். கன்னடத்தில் ‘சாந்தலா’, ‘ரூபதர்சி’ ஆகிய நாவல்களையும் எழுதியவர். 1930இல் வெளிவந்த அவருடைய ‘மஸில் கல்ட்’ என்ற ஆங்கில நூலின் துணைத்தலைப்பு, அதைத் தம் பயிற்சிமுறைக்கான முன்னுரை என்றே அறிமுகப்படுத்துகிறது. ஒரு நூல் முழுவதையும் முன்னுரையாக எழுதிய பயிற்றுநர், முன்னுரையை மூன்று விநாடிக்குள் அடைக்கும் பயிற்றுநர் இருவரையும் ஒரே மரபில் வைத்துப் பார்ப்பது எனக்குச் சற்று நகைப்பாகவும் சற்று ஆறுதலாகவும் இருக்கிறது.

இனி என் பகல் வேலைக்கு வருகிறேன். பவணந்தியாரின் நன்னூல் பாயிரத்துக்குத் தரும் இடம் பெரிது. எவ்வளவு விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் நூலாகாது என்பது அதன் கருத்து. சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும்: ஆக்கியவர் யார், எவ்வழியில் வந்த நூல், எந்த எல்லைக்குள் வழங்குவது, பெயர் என்ன, யாப்பு என்ன, பேசும் பொருள் என்ன, கேட்பதற்குரியவர் யார், கேட்டால் விளையும் பயன் என்ன. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர்.

ஒரு மாலை, என் ஹூக் வாக்கியங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை இந்த எட்டுக் கட்டங்களில் இட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டங்கள் நிரம்பி வழிந்தன: கேட்போர், பயன். “நாற்பதைக் கடந்தவரா நீங்கள்” என்பது கேட்போர். “தொப்பை காணாமல் போகும்” என்பது பயன். பொருள் அரைகுறையாக இருந்தது. அதை மறைத்துவைப்பதுதானே ஹூக்கின் உத்தி. எஞ்சியவற்றுள் மூன்று கட்டங்கள் வெறுமையாக நின்றதுதான் என் கவனத்தை ஈர்த்தது. அவை வழி, யாப்பு, எல்லை.

வழி என்பது, உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, இச்செய்தி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. யாப்பு என்பதற்கு, இன்ன நூலைக் கற்றபின் இன்ன நூல் கற்கத்தக்கது என்ற தொடர்ச்சியை உரையாசிரியர் பொருளாகக் காட்டுவதுண்டு. எங்கள் தொழிலில் இதைவிட முதன்மையான பொருள் இல்லை. சுவரில் கைவைத்துத் தள்ளப் பழகியவர் மேசையில் பழக வேண்டும். அதன்பின் தரையில் புஷ்-அப். மூன்று விநாடித் தொடக்கத்துக்கு ‘அதன்பின்’ என்ற சொல் பிடிக்காது. எல்லை என்பது நன்னூலில் நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறிக்கும். அதைச் சற்று நீட்டி, ‘இக்கூற்று யாரிடத்தில் செல்லும், யாரிடத்தில் செல்லாது’ என்று நான் பொருள் கொள்கிறேன். நீட்சி என்னுடையது, பவணந்தியார்மேல் பழி வேண்டா.

தற்புகழ்ச்சி பற்றியும் நன்னூல் பேசுகிறது. தன்னைத்தான் புகழ்வது தகாது. எனவே சிறப்புப்பாயிரத்தை ஆசிரியரோ உடன்கற்றவரோ மாணாக்கரோ உரைகாரரோ செய்ய வேண்டும். ‘முன்-பின்’ படங்களும், “ஐயாவிடம் பயின்றேன், பத்துக் கிலோ குறைந்தேன்” என்னும் மாணாக்கர் சான்றுகளும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன. விதிவிலக்குகள் இன்னும் சுவையானவை. தன் ஆற்றலை அறியாதவர் நடுவே புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஷார்ட்ஸில் வரும் பயிற்றுநர் எப்போதும் தன்னை அறியாதவர் நடுவிலேயே நிற்கிறார். ஒவ்வொரு பார்வையாளரும் அயலார். ஆகவே விதிவிலக்கே அங்கு விதியாகிவிட்டது.

இவையெல்லாம் கருத்தரங்கக் கட்டுரைக்குரிய இனிய ஒப்பீடுகளாக மட்டும் நின்றிருக்கும். எங்கள் தெருவில் நடந்த ஒன்று அவ்வாறு நிற்கவிடவில்லை. அடுத்த வீட்டு அத்தைக்குச் சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக உண்டு. ஒருநாள் வேலியருகே நின்று, “தம்பி, நடந்தா மாத்திரையை நிறுத்திடலாமாமே, நெசமா?” என்று கேட்டார். யாரோ ஒரு பயிற்றுநரின் காணொளியைப் பார்த்திருக்கிறார். அதைப் பார்த்த நாள்தொட்டு, நாளுக்கு இரண்டாக இருந்த மாத்திரையைத் தாமே ஒன்றாக்கியிருக்கிறார். காணொளியை இருவரும் சேர்ந்து பார்த்தோம். மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று தொடங்கியது. உணவுக்குப் பின் நடப்பதைப் பற்றிச் சரியாகவே விளக்கியது. இறுதியில், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை மாற்றக் கூடாது என்றும் சொன்னது. முழுவதையும் கேட்டபின் அத்தை சொன்னது: “இவ்வளவு தூரம் நான் பாக்கலியேப்பா.”

மறுநாள் அவர் மகன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார், மாத்திரை மீண்டும் இரண்டாயிற்று, தீங்கு நேரவில்லை. ஆனால் அந்தக் காணொளியில் பொய் என்று ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் சுட்ட முடியவில்லை என்பது என்னை விட்டு அகலவில்லை. உடற்பயிற்சியின்போது தசைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. மருத்துவரின் மேற்பார்வையில் சிலருக்கு மருந்து குறைவதும் உண்டு. எல்லாம் உண்மை. எல்லை மட்டும் நாற்பதாவது விநாடியில் இருந்தது. அத்தை பத்தாவது விநாடியில் இறங்கிவிட்டார். பாயிரத்தை நூலாகவே எடுத்துக்கொள்ளும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தொடக்கம் எழுதுவோன் அறிந்திருக்க வேண்டும். குறுங்காணொளியில் அவர்களே பெரும்பான்மையினர்.

ஒரு தொடக்கம் தன் எல்லையை இழந்து அறிவாகவே உலவுவதற்குச் சான்றுகள் பல. நாளொன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்பதை மருத்துவ விதியாகவே கருதுகிறோம். 1960களின் நடுவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது: மன்போ-கெய், ‘பத்தாயிரம் அடி அளவி’. 2019இல் ஐ-மின் லீயும் பிறரும் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களை ஆராய்ந்தபோது, இறப்பு விகிதம் குறைவது ஏறத்தாழ 7,500 அடியளவில் நின்றுவிடுவதைக் கண்டனர். ‘21 நாளில் பழக்கம்’ என்பதன் வேர், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூலில் இருக்கிறது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்ற அவருடைய கவனிப்பில் ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்துபோயிற்று. பிலிப்பா லாலியும் உடன் ஆய்ந்தோரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செயல் பழக்கமாக இடைநிலையளவில் 66 நாள் ஆயிற்று; ஆளுக்காள் 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. வயிற்றுப் பயிற்சியால் தொப்பை மட்டும் தனியே கரையும் என்பதும் இவ்வினமே. 24 பேரைக் கொண்டு நடந்து 2011இல் வெளிவந்த சிறிய ஆய்வில், ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி செய்தும் வயிற்றுக் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. தசையின் தாங்குதிறன் மட்டும் கூடியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர் ஒருவர் கேட்டார். ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத்துறை 2023 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, உடல்நலம் பற்றிப் பேசும் பயிற்றுநர் தம் தகுதிச் சான்றை வெளிப்படுத்த வேண்டும். தகுதியற்றவர், தம் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்றன்று என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல விதிகள். நன்னூலின் ஆக்கியோன் பெயரும் வழியும் அரசாணை வடிவில் திரும்பி வந்ததுபோல் எனக்குத் தோன்றியது. ஆனால் எழுத்தளவில் விதியை நிறைவேற்றும் ஒரு வரி திரையின் அடியில் சிறு எழுத்தில் நிற்க, ஹூக் மேலே உரக்க ஒலிக்கலாம்.

அந்நாளிலிருந்து ஒரு சோதனையை எனக்கு நானே வைத்துக்கொண்டேன். முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் கைப்பேசியை அணைத்தால், அவர் செய்யப்போவது என்ன? அது அவருக்குத் தீங்காகுமெனில் அவ்வாக்கியம் வேண்டாம். கேட்பதற்கு எளியது, எழுதும்போது கடினமானது. எல்லையைச் சேர்த்தால் வாக்கியம் நீளும், நீண்டால் விரல் தள்ளிவிடும் என்பதே தொழிலின் பொதுக் கருத்து.

இங்கே தமிழ் எனக்கு ஓர் உதவி செய்தது. நம் ஹூக் வாய்பாடுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் வினை முன்னே வந்துவிடும். நிபந்தனை பின்னே தொங்கும். எனவே முன்பாதியை வெட்டி ஹூக் ஆக்குவது எளிது. தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். ‘மருத்துவர் சொன்னால் மாத்திரையைக் குறைக்கலாம்’ என்று இயல்பாகச் சொன்னால் எல்லை முதலிலேயே வந்து நிற்கிறது. ‘குறைக்கலாம்’ என்ற சொல்லைக் கேட்க விரும்புபவர் ‘மருத்துவர் சொன்னால்’ என்பதைக் கடந்துதான் வர வேண்டும். வாக்கியம் முடியும்வரை வினை தெரியாது என்பதே ஒரு சிறு ஆவலையும் உண்டாக்குகிறது. வித்தைக்காரரின் மூடிய கூடையை இலக்கணம் இலவசமாகத் தருகிறது. அதைத் திறந்து காட்டும் பொறுப்பையும் அதே வாக்கியத்தில் வைக்கிறது.

“21 நாளில் தொப்பை காணாமல் போகும்” என்றிருந்ததை, “தொப்பையை மட்டும் தனியாகக் குறைக்க முடியாதென்றால், வயிற்றுப் பயிற்சி எதற்கு?” என்று மாற்றினேன். “முழங்கால் வலியா? இந்த ஒன்று போதும்” என்றிருந்ததை, “வீக்கம் இல்லாத முழங்கால் வலிக்கு, நாற்காலியிலிருந்து இப்படி எழுந்து பாருங்கள்” என்று மாற்றினேன். முன்னதில் பள்ளம் இருக்கிறது. பொய்யான வாக்குறுதி இல்லை. பின்னதில் கேட்போர் சுருங்கியிருக்கின்றனர். சுருங்கியது சரியான இடத்தில்.

இதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். நின்று பார்ப்போர் விழுக்காடு இறங்கியது. சில மாதங்களில் புதிதாகச் சேர்வோர் வெகுவாகக் குறைந்தனர். முழுநேர ஆய்வு, வாடகை, ஆய்வேட்டுச் செலவு ஆகியவற்றுக்கு நடுவில் அது சிறிய இழப்பன்று. சேர்ந்தவர்கள் என்ன வாக்குறுதியின் பேரில் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மூன்றாம் வாரத்தில் “நீங்கள் சொன்னபடி குறையவில்லையே” என்ற கேள்வி இப்போது வருவதில்லை. இதைக் கொண்டு, நேர்மையே இறுதியில் வெல்லும் என்று முடிவு கட்ட நான் விரும்பவில்லை. அடுத்த ஆண்டும் இத்தொழிலில் இருப்பேனா என்பதைக் கணக்குப் பக்கம் தீர்மானிக்கும்.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹூக் என்பது பிறர் தொழில் என்று ஒதுங்கிவிட வேண்டாம். நம் ஆய்வுச் சுருக்கங்களையும் கட்டுரைத் தலைப்புகளையும் அதே எட்டுக் கட்டங்களில் இட்டுப் பாருங்கள். ‘தமிழ்ச் சமூகத்தில்’ என்று தலைப்பிட்டு மூன்று ஊர்களில் எடுத்த தரவை வைத்து எழுதுகிறோம். எல்லை நான்காம் இயலின் அடிக்குறிப்பில் இருக்கிறது. சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டும் நம் வாசகர், பத்தாவது விநாடியில் இறங்கிய எங்கள் அத்தையினின்றும் பெரிதும் வேறுபட்டவரல்லர். என் ஆய்வேட்டின் தலைப்பில் ஒரு நூற்றாண்டின் பெயரையும் ஓர் இலக்கிய வகையின் பெயரையும் சேர்க்குமாறு நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். தலைப்பு நீண்டுவிடும், கவர்ச்சி போய்விடும் என்கிறார். அடுத்த வாரக் கூட்டத்தில் அதைப் பேசவிருக்கிறோம்.